வானத்துக் கோள்களும் வளரும் பிள்ளைகளும்

அகிலங்கள் அனைத்தையும் படைத்து, அவற்றை ஓர் ஒழுங்கில் இயக்கிக்கொண்டிருக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே புகழனைத்தும் உரித்தாகுக! அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலாத்தும் ஸலாமும் உண்டாவதாக!

கண்ணியத்திற்குரிய பெற்றோர்களே! மக்தப் மதரஸாக்களில் பாடம் நடத்தும் உஸ்தாதுமார்களே!

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த ஓரிரு ஆண்டுகளிலேயே புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் எனக் கோள்களின் பெயர்களை ஒப்பிக்கத் தொடங்கிவிடுகின்றனர். அதைக் கேட்டு நாமும் மகிழ்கின்றோம். ஆனால் அதே பிள்ளை குறும்பு செய்து பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டால், “சனியனே!” என்று நம் நாவிலிருந்தே ஏச்சு வருகின்றது. வகுப்பறையில் ஒரு கோளின் பெயராகக் கற்ற சொல், வீட்டில் வசைச்சொல்லாக அதன் காதில் விழுகின்றது. தெருவில் அதே சொல் அச்சமூட்டும் சொல்லாகவும், நாட்காட்டியில் கெட்ட நேரத்தின் பெயராகவும் நிற்கின்றது.

ஒரே பெயருக்கு இத்தனை பாடங்கள்! இவற்றுள் எது அந்தப் பிஞ்சு உள்ளத்தில் நிலைக்கப்போகின்றது? இது பள்ளிப்பாடம் மட்டுமே சார்ந்த கேள்வியன்று. ஈமானைச் சார்ந்த கேள்வியுமாகும். கோள்களின் பெயர்களைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு கற்பிக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் விளக்க முற்படுகின்றோம்.

பெயர்களைக் கற்பது மனிதனுக்குக் கிடைத்த சிறப்பு

ஆதிபிதா ஆதம் (அலை) அவர்களைப் படைத்த பின்னர், அல்லாஹ் அவர்களுக்கு எல்லாப் பொருட்களின் பெயர்களையும் கற்றுக்கொடுத்தான் எனத் திருக்குர்ஆன் (2:31) அறிவிக்கின்றது. வானவர்களுக்கு முன்னிலையில் ஆதம் (அலை) அவர்களின் தகுதி வெளிப்பட்டது அந்தக் கல்வியினால்தான். ஆகவே, ஒரு குழந்தை ஒரு பொருளைச் சுட்டிக்காட்டி, “இதன் பெயர் என்ன?” என்று கேட்கும்போது அது தன் ஆதித் தந்தைக்கு அருளப்பட்ட அந்தச் சிறப்பின் வழியில் நடக்கின்றது. அந்தக் கேள்வியை “சும்மா இரு” என்று அடக்குவது நமக்குத் தகாது.

அதே வேளையில், பெயர் என்பது வெறும் பெயர்தான். அதற்குத் தனியே ஆற்றல் எதுவும் கிடையாது என்பதையும் திருமறை உணர்த்துகின்றது. இணைவைப்போர் வணங்கியவை அவர்களும் அவர்களுடைய மூதாதையரும் சூட்டிக்கொண்ட பெயர்களேயன்றி வேறில்லை என்ற கருத்து அந்நஜ்ம் அத்தியாயத்தில் (53:23) வருகின்றது. அதே அத்தியாயத்தின் 49ஆவது வசனத்தில் ‘ஷிஃரா’ என்னும் விண்மீன் பெயர் குறிப்பிடப்படுகின்றது. அறியாமைக் காலத்து அரபிகளுள் சிலர் அதை வணங்கிவந்தனர். அல்லாஹ் அந்த விண்மீனின் பெயரை மறைக்கவில்லை. பெயரைச் சொல்லி, அதற்கும் இறைவன் தானே என்று அறிவிக்கின்றான். பெயரைச் சொல்ல வேண்டும், அதன் உரிமையாளனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்ற முறையை இந்த வசனத்திலிருந்தே நாம் பெற்றுக்கொள்ளலாம்.

ஒன்பது வேறு, எட்டு வேறு

தமிழில் ‘கோள்’ என்னும் சொல் ‘கொள்’ என்ற வினையிலிருந்து பிறந்தது. ‘கிரகம்’ என்னும் வடசொல்லுக்கும் பற்றிப் பிடிப்பது என்பதே பொருள். மனிதனைப் பிடித்துக்கொள்ளும் சக்திகள் வானில் உலவுகின்றன என்ற பழைய எண்ணம் அந்தச் சொற்களின் வேரிலேயே இருக்கின்றது. இன்று அவற்றைச் சூரியனைச் சுற்றிவரும் பெரும் உருண்டைகளைக் குறிக்கும் அறிவியல் சொற்களாகவே பயன்படுத்துகின்றோம். சொல் பழையது, பொருள் மாறிவிட்டது. ஆனால் பழைய பொருளும் இன்னும் தெருக்களில் உலவுவதால்தான் பிள்ளைகள் குழம்புகின்றனர்.

சோதிடம் கூறும் ஒன்பது கிரகங்கள் எவை? ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ராகு, கேது ஆகியவை. இவற்றுள் ஞாயிறு ஒரு விண்மீன். திங்கள் பூமியைச் சுற்றும் துணைக்கோள். ராகு, கேது இரண்டும் பொருட்களே அல்ல. வானில் சூரியன் செல்வதாக நமக்குத் தோன்றும் பாதையைச் சந்திரனின் பாதை வெட்டும் இரண்டு இடங்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அவை. அமாவாசையோ பௌர்ணமியோ அந்த இடங்களின் அருகில் நிகழும்போது கிரகணம் ஏற்படுகின்றது. எஞ்சியிருக்கும் ஐந்து மட்டுமே மெய்யான கோள்கள். நாம் நிற்கும் பூமி அந்தப் பட்டியலில் இல்லை. வில்லியம் ஹெர்ஷல் 1781இல் கண்டறிந்த யுரேனஸும், 1846இல் பெர்லின் வானாய்வகத்தில் கண்டறியப்பட்ட நெப்டியூனும் அதில் இல்லை.

நம்மில் பலர் பள்ளியில் படித்த ஒன்பது கோள்கள் வேறு. 1930இல் கண்டறியப்பட்ட புளூட்டோவையும் சேர்த்து அந்த எண்ணிக்கை அமைந்தது. 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகு நகரில் கூடிய சர்வதேச வானியல் ஒன்றியம் கோள் என்பதற்கு வரையறை வகுத்து, புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்தியது. அன்றிலிருந்து சூரியனின் கோள்கள் எட்டு. தாத்தா ஒன்பது என்கிறார், ஆசிரியை எட்டு என்கிறார், சோதிடர் மற்றோர் ஒன்பது என்கிறார். இம்மூன்றையும் பிரித்து விளங்கவைப்பது பெற்றோரின் பொறுப்பாகும்.

ஏழரை என்னும் கணக்கு

சனி என்ற பெயரைக் கேட்டாலே பலர் நடுங்குவது ‘ஏழரைச் சனி’ என்ற பேச்சினால்தான். இதில் மறைபொருள் ஏதுமில்லை. எளிய கணக்குத்தான் இருக்கின்றது. சனிக்கோள் சூரியனிலிருந்து வெகு தொலைவில் உள்ளது. அது ஒரு சுற்றை முடிக்க ஏறத்தாழ இருபத்தொன்பதரை ஆண்டுகள் ஆகின்றன. வானவட்டத்தைப் பன்னிரண்டு ராசிகளாகப் பிரித்துக்கொண்டால், ஒரு பிரிவைக் கடக்க அதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டுகள் பிடிக்கும். பிறந்த ராசி, அதற்கு முந்தியது, பிந்தியது என மூன்று பிரிவுகளைச் சேர்த்து ஏழரை ஆண்டுகள் என்றனர். வியாழன் ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் அளவில் எடுத்துக்கொள்வதால், ஆண்டுக்கு ஒரு பிரிவு கடப்பதாகத் தோன்றுகின்றது. ஆண்டுதோறும் பேசப்படும் குருப்பெயர்ச்சியின் கணக்கு இதுவே.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். பன்னிரண்டு ராசிகளில் மூன்றுக்கு எப்போதும் ஏழரை நடந்துகொண்டே இருக்கும். அதாவது, எந்த நாளை எடுத்துக்கொண்டாலும் மனிதர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு ஏழரை! அவர்களில் திருமணம் முடித்து மகிழ்வோரும், வேலை கிடைத்து உயர்வோரும், நோய் நீங்கி எழுவோரும் இருக்கத்தானே செய்கின்றனர்? மற்ற மூன்று பங்கினரில் துன்பம் அடைவோர் இல்லையா? கோடிக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் தனக்கு விதிக்கப்பட்ட பாதையில் சுற்றும் ஒரு படைப்புக்கு, நம் வீட்டு அடுப்பங்கரையில் என்ன வேலை?

நம் சமுதாயமும் இந்த அச்சத்திலிருந்து முழுமையாக விடுபட்டுவிடவில்லை. ஜாதகம் பார்ப்பதில்லை என்று பெருமையாகச் சொல்லும் இல்லங்கள் சிலவற்றில்கூட, ஸஃபர் மாதத்தைப் பீடை மாதம் எனக் கருதுவதும், அம்மாதத்தின் இறுதிப் புதனை ‘ஒடுக்கத்துப் புதன்’ எனப் பெயரிட்டு, மாவிலையில் எழுதிக் கரைத்துக் குடிப்பதும் வழக்கமாக இருந்துவந்திருக்கின்றன. புதன் என்பது ஒரு கிழமையின் பெயர்; ஒரு கோளின் பெயர். அதில் பீடை எங்கிருந்து வந்தது? பறவைச் சகுனமும் இல்லை, ஸஃபர் பீடையும் இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்திருப்பது புகாரியில் பதிவாகியுள்ளது. குறி சொல்பவனிடம் சென்று கேட்பவரின் நாற்பது இரவுகளின் தொழுகை ஏற்கப்படாது என்ற எச்சரிக்கை முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

நபிமார்கள் நடத்திய வானப் பாடம்

வானத்தைக் காட்டித் தவ்ஹீதை விளக்கிய மாபெரும் ஆசான் நபி இப்ராஹீம் (அலை) அவர்கள். அன்ஆம் அத்தியாயத்தின் 76 முதல் 79 வரையுள்ள வசனங்களை நினைவுகூருங்கள். இரவு சூழ்ந்தபோது அவர்கள் ஒரு நட்சத்திரத்தைக் கண்டார்கள். அது மறைந்தது. மறைவதை நேசிக்க மாட்டேன் என்றார்கள். பிறகு சந்திரன், அதன்பின் சூரியன். அவையும் மறைந்தன. இறுதியில், வானங்களையும் பூமியையும் படைத்தவன் பக்கமே தம் முகத்தைத் திருப்பினார்கள். அவர்கள் கண்ட அந்த நட்சத்திரம் ‘ஸுஹரா’ எனப்படும் வெள்ளிக்கோள் என்றும், ‘முஷ்தரீ’ எனப்படும் வியாழன் என்றும் விரிவுரையாளர்கள் கூறியுள்ளனர். அவ்வாறாயின், நம் பிள்ளைகள் இன்று ஒப்பிக்கும் பெயர்களுள் ஒன்றைக் கொண்டே அந்தப் பாடம் நடத்தப்பட்டுள்ளது.

நம் நபி (ஸல்) அவர்களின் வாழ்விலும் இத்தகைய ஒரு பாடம் உண்டு. ஹிஜ்ரி 10ஆம் ஆண்டில் அவர்களுடைய அருமை மகனார் இப்ராஹீம் பச்சிளம் பருவத்திலேயே வஃபாத்தானார்கள். அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. இந்தக் குழந்தையின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டனர். மகனை இழந்து கண்ணீர் வடித்த தந்தையாக இருந்தும், நபி (ஸல்) அவர்கள் அந்தப் பேச்சை அனுமதிக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் இரண்டு. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் ஏற்படுவதில்லை என விளக்கி, தொழுமாறும் பிரார்த்திக்குமாறும் பணித்தார்கள் (நூல்: புகாரி). இறைத்தூதரின் மகனுக்காகவே வானம் தன் ஒழுங்கை மாற்றிக்கொள்ளவில்லை எனில், நம் வீட்டுக் குழந்தை பிறந்த நேரத்திற்காகவா சனியும் செவ்வாயும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும்?

ஹுதைபிய்யாவில் ஓர் இரவு மழை பெய்தது. காலைத் தொழுகைக்குப் பின், இன்ன நட்சத்திரத்தால் நமக்கு மழை பெய்தது என்போர் நட்சத்திரத்தை நம்பி அல்லாஹ்வை மறுத்தவராவர் என்ற இறைச்செய்தியை நபியவர்கள் எடுத்துரைத்தார்கள். தாபிஈன்களுள் ஒருவரான கதாதா (ரஹ்) அவர்கள், விண்மீன்களைப் படைத்ததன் நோக்கங்கள் மூன்று என்றார்கள்: வானத்திற்கு அலங்காரம், ஷைத்தான்களை விரட்டும் எறிபொருள், வழியறியும் அடையாளம். இவை நீங்கலாக வேறு பொருள் கற்பிப்பவர் தவறிவிட்டார் என்பது அவர்களின் கருத்து. இந்த இரண்டு செய்திகளும் புகாரியில் உள்ளன.

கிழமைகளிலிருந்து தொடங்குங்கள்

இனி, நடைமுறைக்கு வருவோம். நான்கு முதல் ஏழு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் கோள்களின் பெயர்களைக் கற்பிப்பது எப்படி?

முதலாவதாக, பிள்ளைக்கு ஏற்கனவே தெரிந்ததிலிருந்து தொடங்குங்கள். கிழமைகளின் பெயர்கள் அதற்குத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என அடுத்தடுத்து வரும் ஐந்து கிழமைகளும் ஐந்து கோள்களின் பெயர்களே. புதிதாகக் கற்க வேண்டியவை பூமி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய மூன்று மட்டுமே. கிழமை வரிசை வேறு, சூரியனிலிருந்து தொலைவு வரிசை வேறு என்பதை மட்டும் தெளிவாக்கிவிடுங்கள். எட்டு அட்டைகளில் பெயர்களை எழுதி, பிள்ளையையே அடுக்கச் சொல்லுங்கள். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் பாறையாலான சிறியவை. வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் நான்கும் பெரியவை. நான்கு, நான்கு எனப் பிரித்தால் மனத்தில் எளிதாகப் பதியும்.

“வெள்ளிக்கிழமை ஜுமுஆ நாளாயிற்றே, அதற்கு ஏன் கோளின் பெயர்?” என்று அறிவுள்ள பிள்ளை கேட்கும். தமிழில் அப்படிப் பெயர் அமைந்துவிட்டது. அரபியில் கிழமைகள் முதலாவது, இரண்டாவது என எண்களால் அழைக்கப்படுகின்றன. ஒன்றுகூடும் நாள் என்பதால் ஜுமுஆ எனப்படுகின்றது என்று விளக்குங்கள். வெள்ளி என்று சொல்வதனால் அந்த நாளின் சிறப்பு குறைந்துவிடாது. அந்தச் சிறப்பைக் கொடுத்தவன் அல்லாஹ், கோள் அன்று.

இரண்டாவதாக, பெயரோடு ஒரு செய்தியை இணையுங்கள். வெண்மையாகச் சுடர்வதால் வெள்ளி. செந்நிறமாகத் தெரிவதால் செவ்வாய். அதன் மண்ணிலுள்ள இரும்புத் துருவே அந்த நிறத்திற்குக் காரணம். புதன் 88 நாட்களில் சூரியனைச் சுற்றிவிடுகின்றது. நெப்டியூனுக்கோ ஏறத்தாழ 165 ஆண்டுகள் வேண்டும். ஐம்பத்தொன்பது வயதான பாட்டனாருக்குச் சனிக்கோளின் கணக்கில் இரண்டு வயதுதான் என்று சொல்லிப் பாருங்கள். பிள்ளை சிரிக்கும், கணக்கும் விளங்கும். சனியைச் சுற்றியுள்ள வளையங்கள் பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளால் ஆனவை. சிறிய தொலைநோக்கியில் அதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்குச் சனி என்றால் அழகுதான் நினைவுக்கு வரும். யுரேனஸுக்கும் மெல்லிய வளையங்கள் உண்டு. அவை 1977இல் கண்டறியப்பட்ட வேளையில், நம் ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகமும் அந்த நோக்கலில் பங்கெடுத்தது.

மதரஸாக்களில் அரபுப் பெயர்களையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம். புதன் உதாரித், வெள்ளி ஸுஹரா, பூமி அர்ள், செவ்வாய் மிர்ரீக், வியாழன் முஷ்தரீ, சனி ஸுஹல். முஷ்தரீ என்ற சொல்லுக்கு வாங்குபவர் என்ற பொருள் உண்டு. பெயர் அப்படி இருப்பதால் அக்கோள் எந்தக் கடைவீதியிலும் எதையும் வாங்கிவிடவில்லை! பெயருக்கு ஆற்றல் இல்லை என்பதைப் பிள்ளைக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டுமா?

மூன்றாவதாக, புத்தகத்தோடு நின்றுவிடாமல் வானத்தைக் காட்டுங்கள். வெறும் கண்ணால் காணக்கூடிய கோள்கள் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஆகிய ஐந்து. இவற்றுள் மிகுந்த ஒளியுடையது வெள்ளி. அது தென்படும் மாதங்களில், மஃரிபுத் தொழுகைக்குப் பின் மேற்கு வானிலோ, ஃபஜ்ருக்கு முன் கிழக்கு வானிலோ சுடரும். நள்ளிரவில் தலைக்கு நேராக அதைக் காண முடியாது. ஏனெனில் அது பூமியைவிடச் சூரியனுக்கு அருகில் சுற்றுகின்றது. விண்மீன்கள் மினுமினுக்கும், கோள்கள் பெரும்பாலும் மினுக்காமல் நிலையாக ஒளிரும். பள்ளிவாசலிலிருந்து பிள்ளையின் கைபிடித்துத் திரும்பும்போது இரண்டு நிமிடம் நின்று இதைக் காட்டுவதற்குச் செலவு ஏதுமில்லை. வாய்ப்புள்ளோர் சென்னை கோட்டூர்புரத்திலுள்ள பிர்லா கோளரங்கத்திற்கோ, திருச்சியிலுள்ள அண்ணா கோளரங்கத்திற்கோ அழைத்துச் செல்லலாம். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: சூரியனை நேருக்கு நேர் பார்க்கக் கூடாது என்பதையும் கண்டிப்பாகச் சொல்லிக்கொடுங்கள்.

கடுகளவு பூமி

கோள்களின் அளவையும் தொலைவையும் உணர்த்த ஒரு விளையாட்டு உண்டு. 22 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு கால்பந்தைச் சூரியனாக வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவில் நம் பூமி 2 மில்லிமீட்டர், அதாவது ஒரு கடுகு. அதைப் பந்திலிருந்து 24 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும். புதனுக்கு ஒரு கசகசா, 9 மீட்டரில். வெள்ளிக்கு மற்றொரு கடுகு, 17 மீட்டரில். செவ்வாய்க்கு இன்னொரு கசகசா, 36 மீட்டரில். வியாழனுக்கு ஓர் அரைநெல்லிக்காய், 120 மீட்டருக்குச் சற்று அப்பால். சனிக்கு ஒரு கோலிக்குண்டு, 225 மீட்டர் அளவில். யுரேனஸுக்கும் நெப்டியூனுக்கும் ஆளுக்கொரு பட்டாணி. ஒன்று 450 மீட்டருக்கும், மற்றது 700 மீட்டருக்கும் அப்பால். வீட்டு வாசலில் பந்தை வைத்தால் நெப்டியூன் அடுத்த மஹல்லாவுக்கே போய்விடும்!

பிள்ளையின் உள்ளங்கையில் அந்தக் கடுகை வைத்து, “நம் ஊர், பள்ளிவாசல், கடல், மலை, மக்கா, மதீனா எல்லாம் இதற்குள் இருக்கின்றன” என்று சொல்லுங்கள். பிறகு, லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் செய்த உபதேசத்தைச் சொல்லுங்கள். ஒரு செயல் கடுகின் எடையளவே ஆயினும், அது பாறைக்குள் இருந்தாலும், வானங்களில் இருந்தாலும், பூமியில் இருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டுவந்துவிடுவான் என்பது அந்த உபதேசத்தின் கருத்து (31:16). ஒரு தந்தை மகனுக்குப் பாடம் நடத்துகிறார். கடுகு, பாறை, வானம், பூமி ஆகிய நான்கும் அப்பாடத்தில் வருகின்றன. பிள்ளைக்கு விளங்கும் பொருட்களைக் கொண்டு படைத்தவனின் அறிவை உணர்த்தும் முறையை இதைவிட அழகாக யார் கற்பிக்க முடியும்?

கவனிக்க வேண்டியவை

ஆர்வத்தின் மிகுதியால் சிலர், யூசுஃப் (அலை) அவர்கள் கனவில் கண்ட பதினொரு நட்சத்திரங்கள் பதினொரு கோள்களையே குறிக்கின்றன என்றும், ஏழு வானங்கள் என்பது ஏழு கோள்களே என்றும் பிள்ளைகளிடம் சொல்லிவிடுகின்றனர். இது முறையன்று. அந்தப் பதினொன்றும் யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்களைக் குறித்தன என்பதே விரிவுரையாளர்களின் விளக்கம். கோள்களின் எண்ணிக்கை 1930இல் ஒன்பதாகி, 2006இல் எட்டாகியது. மாறக்கூடிய மனித ஆய்வோடு மாறாத இறைவசனத்தை முடிச்சுப் போட்டுவிட்டால், எண்ணிக்கை மாறும் நாளில் பிள்ளையின் உள்ளம் எதைச் சந்தேகிக்கும்? ஒவ்வொன்றும் தனக்குரிய பாதையில் நீந்துகின்றது என்ற கருத்தைத் திருமறை (36:40) சொல்கின்றது. அந்த ஒழுங்கைக் காட்டுங்கள், அதுவே போதும்.

மற்றொன்று: நம்மைச் சுற்றி வாழும் சகோதர சமயத்தவர்கள் நவக்கிரக வழிபாடு செய்பவர்களாக இருக்கலாம். நம் பிள்ளை தான் கற்றதைக் கொண்டு வகுப்புத் தோழனின் வழிபாட்டைக் கேலி செய்தல் கூடாது. பிறர் அழைத்துப் பிரார்த்திப்பவற்றை ஏசக் கூடாது என்பது அல்லாஹ்வின் கட்டளை (6:108). நம் நம்பிக்கையில் தெளிவும், பிறரிடம் பேசுவதில் நாகரிகமும் பிள்ளைக்குச் சேர்த்தே ஊட்டப்பட வேண்டும்.

பள்ளிவாசலுக்கு அந்நியமன்று வானவியல்

“இதெல்லாம் பள்ளிக்கூடத்து வேலை, மதரஸாவில் எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். தொழுகை நேரம் சூரியனைப் பார்த்து. நோன்பும் பெருநாளும் பிறையைப் பார்த்து. நம் வணக்க வழிபாடுகளே வானத்தோடு இணைந்துள்ளன. 14ஆம் நூற்றாண்டில் திமிஷ்கு நகரின் உமய்யா பள்ளிவாசலில் தொழுகை நேரங்களைக் கணிக்கும் ‘முவக்கித்’ பொறுப்பில் இருந்தவர் இப்னு ஷாத்திர் (ரஹ்). கோள்களின் இயக்கத்தைக் கணித்து அவர் அமைத்த முறைகள் வானவியல் வரலாற்றில் உயர்ந்த இடம் பெற்றவை. அவருக்கு முன்னரே அல்பத்தானீ, அல்பீரூனீ போன்றோரும், பின்னர் சமர்கந்தில் வானாய்வகம் அமைத்த உலூக் பேக்கும் இத்துறையில் சிறந்து விளங்கினர். இம்மூவரின் பெயர்களும் இன்று சந்திரனிலுள்ள பள்ளங்களுக்குச் சூட்டப்பட்டுள்ளன. நம் கடற்கரை ஊர்களிலிருந்து மரக்கலம் செலுத்திய முன்னோரும் விண்மீன்களைக் கொண்டே திசையறிந்தனர்.

நம் காலத்திலும் செவ்வாய் அச்சத்திற்குரிய பெயராக இல்லை. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட மங்கள்யான், 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயின் சுற்றுப்பாதையை அடைந்தது. ஐக்கிய அரபு அமீரகத்தின் ‘அமல்’ விண்கலம் 2021 பிப்ரவரி 9 அன்று அங்கே சென்றடைந்தது. அமல் என்றால் நம்பிக்கை. ஒரு பெண்ணின் ஜாதகத்தில் செவ்வாய் இருக்கிறது என்று சொல்லி அவளுடைய திருமணத்தைத் தடுக்கும் அதே நாட்டில், செவ்வாய்க்குக் கலம் அனுப்பியவர்களுள் பெண் விஞ்ஞானிகளும் இருந்தனர் என்பதை நம் பெண்மக்களுக்குச் சொல்லுங்கள்.

நம் நாவைக் காப்போம்

பெற்றோர்களே! ஒவ்வொரு குழந்தையும் இயற்கையான தூய நெறியிலேயே பிறக்கின்றது. பெற்றோரே அதை வேறு திசையில் திருப்புகின்றனர் என்ற கருத்தை நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். பிறக்கும்போது எந்தக் குழந்தைக்கும் சனியைக் கண்டு அச்சமில்லை. அந்த அச்சத்தை ஊட்டுவது நம் பேச்சுத்தான். உங்களுக்கோ உங்கள் பிள்ளைகளுக்கோ கேடாகப் பிரார்த்திக்காதீர்கள். பிரார்த்தனை ஏற்கப்படும் நேரமாக அது அமைந்துவிடக்கூடும் என்ற எச்சரிக்கையும் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. ஆகவே, பிள்ளையைச் ‘சனியன்’, ‘பீடை’ என ஏசும் வழக்கத்தை இன்றே விட்டொழிப்போம். அட்டையில் எழுதிக் கற்பித்த பெயரை வாயால் கெடுத்துவிட வேண்டாம்.

கிரகணம் வரும் நாளில் பிள்ளைகளை அறைக்குள் அடைத்து அச்சுறுத்தாமல், கண்ணுக்குப் பாதுகாப்பான முறையில் காட்டி, கிரகணத் தொழுகைக்கு அழைத்துச் செல்வோம். மக்தபில் மாதம் ஒருநாள், பத்து நிமிடம், வானத்தைப் பற்றிய பாடம் நடத்துவோம். பெயர் கேட்கும் பிள்ளைக்குப் பெயரைச் சொல்வோம். அதைப் படைத்தவன் யார் என்பதையும் அப்போதே சொல்வோம். சூரியனுக்கும் சந்திரனுக்கும் சிரம் பணியாமல் அவற்றைப் படைத்தவனுக்கே பணிய வேண்டும் (41:37) என்ற கட்டளை, வானத்தை அண்ணாந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் அப்பிள்ளையின் நினைவுக்கு வரட்டும்.

வானங்கள், பூமியின் படைப்பைப் பற்றிச் சிந்தித்து, “இறைவா! இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை” என உணரும் நன்மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக! படைப்புகளைக் குறித்த வீண் அச்சத்தை நம் உள்ளங்களிலிருந்து அகற்றி, படைத்தவனைக் குறித்த அச்சத்தையும் அன்பையும் நிலைக்கச் செய்வானாக! ஆமீன்.